காருக்கு முன் எர்த்தைப் பாருங்கள்: வீட்டு சார்ஜர் வேலைக்கு வரும் வயர்மேன்களுக்கு

மின்சாரக் கார் வாங்கியவர்களில் சிலர், "நாலு ஸ்க்ரூ, மூணு வயர், நானே மாட்டிக்கிறேன்" என்பார்கள். பெட்டியைச் சுவரில் மாட்டுவது எளிதுதான். மெயின் போர்டிலிருந்து பெட்டிவரை வரும் மின்சாரத்தைப் பொறுப்பாகக் கொண்டுவருவதில்தான் தொழில் இருக்கிறது. வீட்டு இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. ஆகவே இந்த வேலை வீடுவீடாக வரும். தயாராகுங்கள்.

சான்றிதழ் முதலில்

பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவதைத் தாண்டிய வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது விதி. ஐடிஐ முடித்துவிட்டு வயர்மேன் சான்று வாங்காதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். அதுவரை உரிமம் உள்ள ஒருவரிடம் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

லோடைக் கணக்கிடுங்கள்

காருடன் வரும் சிறிய சார்ஜர் பவர் பிளக்கில் சுமார் 3.3 கிலோவாட் எடுக்கும். சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜர், சிங்கிள் ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். நாலு ஏசி ஒன்றாக ஓடுவதுபோல. தண்ணீர் மோட்டார் அரை மணியில் நின்றுவிடும். கார் ஐந்தாறு மணி நேரம் விடாமல் இழுக்கும். லூசான ஒரு ஜாயிண்ட் அதற்குள் சூடேறி உருகிவிடும். எனவே அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று பாருங்கள். போதாவிட்டால், சுமையைக் கூட்ட மின்வாரியத்தில் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டுத்தான் சுவரில் டிரில் வையுங்கள்.

தனி லைன், சரியான வயர்

சார்ஜருக்குத் தனி லைன் இழுங்கள். போர்டிகோ பிளக்கிலிருந்து எடுக்காதீர்கள். 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், 40 ஆம்பியர் எம்சிபி. தூரம் 30 மீட்டரானால் 6-இல் ஏறத்தாழ 7 வோல்ட் இறங்கும்; அதற்கு மேல் போனாலோ, வெயில் காயும் சுவரில் பைப் ஓடினாலோ 10-க்கு மாறுங்கள். நடுவில் ஜாயிண்ட் வேண்டாம். முனைகளில் லக் போட்டு கிரிம்ப் செய்யுங்கள்.

ஆர்சிசிபியில் கவனம்

பல வீடுகளில் இருப்பது ஏசி வகை ஆர்சிசிபி. காரிலிருந்து டிசி கசிவு வந்தால் அது மரத்துப்போய், ஆபத்து நேரத்தில் விழாமல் இருந்துவிடலாம். 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்தால், 30 மில்லிஆம்பியர் 'ஏ' வகை போதும். இல்லையென்றால் 'பி' வகைதான். விலை அதிகம் என்று வீட்டுக்காரர் தயங்கினால், காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

எர்த்

கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பல வோல்ட் காட்டினால், பல சார்ஜர்கள் எர்த் ஃபால்ட் என்று நின்றுவிடும். அதைச் சார்ஜரின் கோளாறு என்று நினைத்து, எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கி ஓட்டிவிடுகிறார்கள் சிலர். அப்படிச் செய்தபின் நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே கரண்ட் பாயும். கதவைத் தொடும் பிள்ளைக்கு உயிர்போகும். அந்தக் குறுக்குவழியை யார் கேட்டாலும் செய்யாதீர்கள். புதுக் குழி எடுங்கள்.

அளந்து எழுதிக் கொடுங்கள்

மெக்கர், எர்த் டெஸ்டர், கிளாம்ப் மீட்டர், ஆர்சிசிபி டெஸ்டர்: முதல் வருமானத்தில் இவற்றை வாங்குங்கள். வேலை முடிந்ததும் காரை மாட்டி ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடவிட்டு, முனைகளின் சூட்டைப் பாருங்கள். கேபிள் அளவு, இன்சுலேஷன், எர்த் அளவு, ஆர்சிசிபி விழுந்த நேரம், தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, போர்டு கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கீழே உங்கள் போன் நம்பர். பக்கத்து வீட்டில் கார் வரும்போது, அந்தத் தாளைப் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள்.