வீட்டுப் பட்டறைக்கு எந்த ஆர்கான் வெல்டிங் எந்திரம்?

காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டுச் சேலையைப் பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோத்து இணைத்துவிடுகிறார்கள். நன்றாகப் போட்ட கோர்வை எளிதில் பிரியாது. எவர்சில்வர் குழாய்களையும் இப்படிப் பிரியாமல் இணைக்கும் வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது. மாடிப்படிக் கைப்பிடி, சன்னல், வாயிற்கதவு எல்லாம் இதில் சேரும். பட்டறைகளில் இதை 'ஆர்கான் வெல்டிங்' என்பார்கள். நூல்களில் இதன் பெயர் 'டிக்' வெல்டிங்.

ஐ.டி.ஐ. முடித்த உங்கள் அண்ணன், வீட்டின் பின்கட்டில் ஒரு சிறு பட்டறை வைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது வீட்டார் சேர்த்த பணம். கடையில் பல எந்திரங்கள் இருக்கின்றன. எதை வாங்கச் சொல்வீர்கள்? 'அதிக ஆம்பியர் உள்ளது எதுவோ அது' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பௌதிகப் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோம்பேறி வாயுவின் வேலை

இந்த எந்திரத்தின் கைப்பிடியில் ஒரு டங்ஸ்டன் ஊசி இருக்கிறது. அதற்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எரிகிறது. அந்த வெப்பத்தில் தகட்டின் ஓரங்கள் உருகி ஒன்றாகின்றன. ஊசி மட்டும் ஏன் உருகுவதில்லை? டங்ஸ்டனின் உருகுநிலை சுமார் 3,420 டிகிரி செண்டிகிரேடு. எவர்சில்வரோ 1,400 டிகிரியை ஒட்டியே உருகிவிடும்.

ஆனால் உருகிய உலோகத்தின் மீது காற்று பட்டால் ஆக்சிஜன் அதைக் கெடுத்துவிடும். எனவே ஊசியைச் சுற்றி ஆர்கான் வாயு பாய்ந்து, காற்றை விலக்கி நிறுத்துகிறது. 1894இல் ராலே, ராம்சே என்ற இரு விஞ்ஞானிகள் இந்த வாயுவைக் கண்டுபிடித்தார்கள். எதனோடும் எளிதில் சேராததால் 'சோம்பேறி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார்கள். அந்தச் சோம்பலே இங்கு நமக்கு உதவுகிறது!

முதல் கேள்வி: எந்த உலோகம்?

எவர்சில்வருக்கும் இரும்புக்கும் நேர்மின்னோட்டம் போதும். ஊசியை எதிர்முனையாக வைத்தால், வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தகட்டுக்குப் போகும்; ஊசி பிழைத்துக்கொள்ளும்.

அலுமினியத்தின் கதை வேறு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படர்ந்துள்ள ஆக்சைடு படலமோ சுமார் 2,070 டிகிரி வரை உருகாது. உள்ளே உலோகம் நீராகிவிடும். மேலே தோல் மட்டும் கிழியாமல் நிற்கும். ஊசி நேர்முனையாக மாறும்போது ஆர்கான் அயனிகள் தகட்டை மோதி இப்படலத்தை அகற்றும். அப்படியே விட்டாலோ ஊசி உருகும். எனவே முனைகள் மாறி மாறி வரும் மாறுமின்னோட்டம் வேண்டும். இரண்டு வகை மின்னோட்டமும் தரும் எந்திரத்தின் விலை மிக அதிகம். கைப்பிடியும் கதவும் மட்டும் செய்பவருக்கு அது வீண் செலவு. அலுமினிய வேலையும் செய்ய எண்ணுபவர் அது இல்லாத எந்திரத்தை வாங்கினால், முழுப்பணமும் வீண்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு தடிப்பு?

ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது தோராயக் கணக்கு. 1.5 மி.மீ. தடிப்புள்ள குழாய்க்கு 60 ஆம்பியர் போதும். 3 மி.மீ. தகட்டுக்கு 120. ஆகவே சிறு பட்டறைக்கு 160 ஆம்பியர் எந்திரமே தாராளம். மெல்லிய தகட்டில் ஓட்டை விழாதிருக்க, எவ்வளவு குறைந்த ஆம்பியரிலும் மின்வில் அணையாமல் எரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வீட்டு மின்சாரம் தாங்குமா?

160 ஆம்பியரில் மின்வில்லின் அழுத்தம் சுமார் 16 வோல்ட். பெருக்கினால் 2,560 வாட். எந்திரத்தின் பயனுறுதிறன் 80 சதவீதம் என்றால், அது இழுப்பது 3,200 வாட். 230 வோல்ட் வீட்டு இணைப்பில் இது 14 ஆம்பியர். திறன் காரணி குறைவான எந்திரம் 20 ஆம்பியர் வரைகூட இழுக்கும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கும் பழைய ஒயரும் இதைத் தாங்கமாட்டா. தனி ஒயர், சரியான எர்த் இரண்டும் கட்டாயம். தொழிலாகச் செய்வதானால் அதற்குரிய மின் இணைப்பும் பெற வேண்டும்.

நான்காவது கேள்வி: எத்தனை நிமிடம் உழைக்கும்?

எந்திரத்தின் பெயர்ப்பலகையில் '160 ஆம்பியர், 35 சதவீதம்' என்று இருக்கும். பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் வெல்டிங், மீதி ஓய்வு என்பது இதன் பொருள். சர்வதேசத் தரவிதி இந்த அளவை 40 டிகிரிச் சூழலுக்கு நிர்ணயிக்கிறது. சில எந்திரங்களில் 25 டிகிரிக்குக் கணக்கிட்டிருப்பார்கள். அத்தகைய எந்திரம் நம் சித்திரை வெயிலில் சீக்கிரமே சூடாகி நின்றுவிடும்.

மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வெப்பம் உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதை வைத்து ஓய்வின்றி எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். 160இன் வர்க்கத்தை 0.35ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். ஏறத்தாழ 95 ஆம்பியர் வரும்.

தறியும் பட்டறையும் ஒரே வீட்டில்

காஞ்சிபுரத்தில் நெசவு நடக்கும் வீடுகள் பல. பட்டு நூலும் மரத்தறியும் இருக்கும் அறையில் வெல்டிங் கூடவே கூடாது. ஆர்கான் வெல்டிங்கில் பொறி குறைவுதான். ஆனால் கிரைண்டர் பிடித்தால் பொறி பறக்கும். மின்வில்லின் புறஊதாக் கதிர் பட்டை மஞ்சளாக்கும். தொடாமலே மின்வில்லைத் தொடங்க உதவும் உயர் அதிர்வெண் மின்சாரம், அருகிலுள்ள மின்னணு ஜக்கார்டு போன்ற கருவிகளைத் தடுமாறச் செய்யலாம்.

கண் இன்னும் முக்கியம். மின்வில்லை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, மணல் கொட்டியதுபோல் கண் உறுத்தி வலிக்கும். பளபளக்கும் எவர்சில்வரில் பட்டுத் திரும்பும் ஒளியும் அப்படியே. எனவே கருங்கண்ணாடி முகமூடிக்கும் கையுறைக்கும் எந்திரத்தோடு சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கி, காற்றை வெளியேற்றி மூச்சுத் திணற வைக்கும். பட்டறைக்குக் காற்றோட்டம் வேண்டும். பயிற்சி பெற்றவர் அருகில் இல்லாமல் நீங்கள் இதைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

'அ' எந்திரம்: 200 ஆம்பியர், 20 சதவீதம். 'ஆ' எந்திரம்: 160 ஆம்பியர், 60 சதவீதம். இரண்டும் 40 டிகிரியில் அளந்தவை. ஓய்வின்றி அதிக மின்னோட்டம் தருவது எது? முன்சொன்ன முறையில் கணக்கிடுங்கள்.

விடை: 'அ' 89 ஆம்பியர், 'ஆ' 124 ஆம்பியர். பெட்டியின் மேல் பெரிய எண் இருந்த எந்திரம் தோற்றுவிட்டது! உலோகம், தடிப்பு, மின் இணைப்பு, உழைக்கும் நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள். விலையை அதன் பிறகு கேட்கலாம்.