லயத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு நுளம்புப் பொறி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

டெங்கு கொழும்பு நோய், மலைக் குளிருக்கு அது ஏறி வராது என்ற நம்பிக்கை நம் தோட்டங்களில் இன்னும் போகவில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் குளிர் நுளம்பின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவது உண்மைதான். ஆனால் ஹட்டனிலும், அங்கிருந்து இறங்கினால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்திலும் அந்தக் காவல் குறைந்துகொண்டே போகிறது. 2017இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு வரும்போது கிருமியும் அவர்களோடு பஸ் ஏறி வரலாம். அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கடத்தும் ஈடிஸ் நுளம்பு, காலில் வெள்ளை வரியோடு, வேலியோர நிழலிலேயே காத்திருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய பொறிகளில் நான் பரிந்துரைப்பது முட்டைப் பொறி ஒன்றைத்தான். முட்டையிட இடம் தேடும் நுளம்பு, இருண்ட பாத்திரத்தில் தேங்கிய நீரை விரும்பி வரும். அந்த இடத்தை நாமே வைத்துக் கொடுத்து, முட்டைகளை வாராவாரம் அழிப்பதுதான் வேலை. ஈடிஸ் நுளம்பைக் கணக்கெடுக்கச் சுகாதாரத் துறையினர் 1960களிலிருந்து பல நாடுகளில் பயன்படுத்திவரும் முறை இது.

செய்ய வேண்டியவை

பொறி செய்யும் முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கூரைத் தகரம் காற்றில் பறக்காமலிருக்க ஏற்றிவைத்த பழைய டயர், சிரட்டை, யோகட் கோப்பை, வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை, அடைத்துக்கொண்ட பீலி என்று நீர் தேங்கும் இடங்களை முதலில் ஒழியுங்கள். டயருக்குப் பதிலாக மண் மூட்டையோ கல்லோ வைக்கலாம். குழாயில் எப்போதாவது வரும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பீப்பாயின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். சுற்றிலும் பத்து இடத்தில் தண்ணீர் இருந்தால், நுளம்பு உங்கள் பொறியைத் தேடி வரவேண்டிய தேவையே இல்லை.

ஒரு லீற்றர் அளவுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். வெளிப்புறம் கறுப்புப் பெயின்ற் பூசுங்கள். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் சிறு துளை போடுங்கள். நம் மழைக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே இரவில் டப்பா நிரம்பி வழிந்து, முட்டையும் குடம்பியும் மண்ணுக்குப் போய்விடும். உட்சுவரில் ஒரு பருத்தித் துணிப் பட்டையைப் பாதி நனையும்படி தொங்கவிடுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சொரசொரப்பில்தான் இந்த நுளம்பு முட்டையிடும்.

வெறும் தண்ணீரை விடப் புல் ஊறிய தண்ணீர் அதிகம் ஈர்க்கும். ஒரு பிடி காய்ந்த புல்லை மூடிய வாளியில் ஒரு வாரம் ஊறவைத்து, அந்தச் சாற்றில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். மாட்டுக்கு அறுக்கும் சாதாரணப் புல்லே நல்லது. மானாப்புல் வேண்டாம், நுளம்பை விரட்டப் பயன்படும் சித்திரநெல்லா எண்ணெய் எடுக்கும் புல்லின் உறவு அது.

வைக்கும் இடம் நிழலாகவும் காற்று அடிக்காததாகவும் இருக்கட்டும். கோவா, லீக்ஸ் பாத்திகளுக்குப் பின்னால் வேலியோரம், தரையோடு தரையாக வைக்கலாம். கதவுக்கும் ஜன்னலுக்கும் அருகில் வைத்தால் நுளம்பை வீட்டுக்கு அழைத்ததாகும்.

இனி இதில் உயிரான பகுதி. ஏழு நாளுக்கு ஒருமுறை, தவறாமல், பொறியை வெறுமையாக்குங்கள். தோட்டத்துக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை வசதி. தண்ணீரைக் காய்ந்த தரையில், வெயில் படும் இடத்தில் கொட்டுங்கள். நெளியும் குடம்பிகள் அங்கேயே செத்துவிடும். துணியை எரித்துவிட்டுப் புதியது போடுங்கள். டப்பாவின் உட்புறத்தைத் தும்பால் அழுத்தித் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மீண்டும் நிரப்பினால், பழைய முட்டைகள் பொரிக்க நாமே வழி செய்தவர்களாவோம்.

செய்யக்கூடாதவை

வாராவாரம் கவனிக்க ஆள் இல்லையென்றால் பொறியே வைக்காதீர்கள். ஊருக்குப் போகும் முன் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். மறக்கப்பட்ட பொறி நுளம்புப் பண்ணைதான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, குடியிருக்கும் இடத்தில் நுளம்பு பெருகவிடாமல் பார்ப்பது குடியிருப்பவரின் கடமை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பொறியை மறைக்காமல் காட்டி, அவர் ஆலோசனையையும் கேளுங்கள்.

தோட்டத்தில் மருந்தடித்து எறிந்த கலனை எடுத்துப் பொறி செய்யவே வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அது பிள்ளைகள் கை படும் இடத்துக்கு வரக்கூடாத பொருள். பூச்சிமருந்தையோ கழிவு எண்ணெயையோ பொறியில் ஊற்றவும் கூடாது. மேலேயிருந்து வழிவது கீழ் லயத்தின் பீலித் தண்ணீரில் போய்ச் சேரும்.

சீனியும் ஈஸ்டும் கரைத்த போத்தல் பொறிக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு, பக்கத்தில் நிற்கும் மனிதரின் மூச்சுக்கு முன் ஒன்றுமில்லை. நம் இரவுக் குளிரில் ஈஸ்ட் சரியாகப் பொங்குவதும் இல்லை. புளித்த சீனிக்கு எறும்பும் குளவியும் வரும். கொழுந்து மலையில் குளவிக்குப் பயந்து ஓடுகிற நாம் அதை வீட்டுக்கு வரவழைக்க வேண்டாம். நீல விளக்குப் பொறியும் இதற்கு உதவாது. ஈடிஸ் பகலில் கடிப்பது.

லயத்துக் கானில் சாக்கடை நீரில் பெருகி இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் நுளம்பை இந்தப் பொறி குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் கானைத் துப்புரவாக்கி நீர் ஓடவிட வேண்டும். பொறி வைத்துவிட்டோம் என்று நுளம்பு வலையைச் சுருட்டிவைக்கவும் வேண்டாம். கடிக்க வரும் நுளம்பை இது தடுக்காது.

ஒரு காம்பராவில் மட்டும் செய்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் அடுத்த வீட்டுப் பீப்பாய் திறந்திருந்தால் உங்கள் பாடு வீண். முழு லயமும் ஒரே ஞாயிறு காலையில் சேர்ந்து செய்யுங்கள்.

காய்ச்சலோடு ஒருவர் வீடு வந்தால் அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்கவையுங்கள். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். டெங்கு என்றால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், பேர் போடுவதை அன்றைக்கு விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.