அங்கன்வாடிப் பணி நேர்காணல்: தயாராவது எப்படி?

சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிக்கும் பூந்தோட்டத்துக்கும் வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை நம்பி விட்டுச் செல்வது அங்கன்வாடி மையத்தில்தான். அந்த நம்பிக்கைக்கு நீங்கள் ஏற்றவரா என்பதையே நேர்காணல் பார்க்கிறது. மனப்பாடம் மட்டும் போதாது.

முதலில் தகுதி. 2025 அறிவிப்பின்படி பணியாளருக்கு 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி, வயது 25 முதல் 35. உதவியாளருக்கு 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி, வயது 20 முதல் 40. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு வயதுத் தளர்வு உண்டு. அடுத்த அறிவிப்பில் விதிகள் மாறலாம். வந்ததும் முழுதாகப் படியுங்கள்.

அடுத்து சான்றிதழ்கள். கல்வி, வயது, சாதி, இருப்பிடம் ஆகியவற்றின் அசலையும் நகலையும் ஒரே கோப்பில் வையுங்கள். தளர்வு கேட்பவர் அதற்கான சான்றையும் வாங்கி வைக்க வேண்டும். பெயரோ பிறந்த தேதியோ ஒன்றுக்கொன்று மாறியிருந்தால், கடைசி நேரம் வரை விடாமல் இப்போதே திருத்த மனு கொடுங்கள்.

இனி, வரக்கூடிய கேள்விகள்.

“பிள்ளைக்கு ரெண்டு மாசமா எடை ஏறலை. என்ன செய்வீங்க?”
“திரும்ப எடை பார்த்து வளர்ச்சி அட்டையில குறிப்பேன். காய்ச்சல், வயித்துப்போக்கு இருந்ததா, வீட்ல என்ன சாப்பிடுதுன்னு அம்மாகிட்ட கேட்பேன். கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவேன். போனாங்களான்னும் விசாரிப்பேன்.”

“கைச் சுற்றளவு எதைக் காட்டும்?”
“ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசு வரை பார்க்கணும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனா கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு.”

“தெரியாத ஆள் வந்து பிள்ளையைக் கேட்டா?”
“அம்மாவுக்குப் போன் பண்ணி உறுதிப்படுத்தாம அனுப்ப மாட்டேன்.”

“பிள்ளை உடம்புல அடிபட்ட தழும்பு அடிக்கடி தெரிஞ்சா?”
“மேற்பார்வையாளர்கிட்ட சொல்வேன். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தெரிவிப்பேன்.”

பதிலை ஒப்பிக்காதீர்கள், ‘முதலில் இது, அடுத்து இது’ என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு நாள் உங்கள் ஊர் மையத்துக்குப் போய், எடை பார்ப்பதையும் பிள்ளைகளுக்கு ஊட்டுவதையும் அனுமதி கேட்டுப் பாருங்கள். தெரியாத கேள்வி வந்தால், “தெரியலைங்க, கத்துக்கிறேன்” என்பதே நல்ல பதில்.

வேலை வாங்கித் தருவதாக யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.