விபத்தில் அடிபட்டவருக்காக யார் பேசுவது?

வயலுக்குச் சைக்கிளில் போன ஒருவரை லொறி மோதிக் கால் முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். காலபோக விதைப்புத் தவறிப்போகிறது. வாகனச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து, செலவுக்கென்று சிறு தொகையை நீட்டி, ஒரு கடதாசியில் கையெழுத்துக் கேட்கிறார். இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு அந்தக் காசு பெரிது. ஆனால் "இனி எதுவும் கோரமாட்டேன்" என்று அதில் எழுதியிருந்தால், பின்னர் நட்டஈடு கேட்பது மிகக் கடினம். வாசித்து விளங்காத கடதாசியில் நாம் கையெழுத்திடலாகாது.

1. இரண்டு வழக்குகள்

பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு, சாரதியைத் தண்டிப்பதற்கானது. அங்கு கட்டப்படும் தண்டப்பணம் அரசுக்கே போகும். நீதவான் நட்டஈடு கட்டளையிட இடமுண்டு. எனினும் இழந்த உழைப்புக்கும் வைத்தியச் செலவுக்கும் முழுமையாகக் கேட்பதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றம். அந்த வழக்கைப் பொலிசார் தொடுக்கமாட்டார்கள். நாமே ஒரு சட்டத்தரணி மூலம் தொடுக்கவேண்டும். உழைப்பாளி இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த மனைவியும் பிள்ளைகளும் கேட்கலாம்.

2. தவணை

விபத்து நடந்து 2 ஆண்டுகளுக்குள் இவ்வழக்கைத் தொடுக்கவேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து காலத்தைத் தவறவிடலாகாது.

3. காப்புறுதி

வீதியில் ஓடும் வாகனத்திற்கு மூன்றாம் ஆள் காப்புறுதி இருக்கவேண்டும் என்பது 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். ஆகவே சொந்தக்காரரிடம் பணமில்லை என்பதால் மட்டும் நாம் கைவிடத் தேவையில்லை. ஆனால் வழக்குத் தொடுக்குமுன், அல்லது தொடுத்து 7 நாட்களுக்குள், காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். தவறினால் தீர்ப்புக் கிடைத்தும் கம்பனி பணம் கட்டவேண்டியதில்லை. சட்டத்தரணி தேவைப்படுவது இதற்காகவுந்தான்.

4. "பிழை உன்னிலுந்தான்"

சைக்கிளில் விளக்கு இல்லை என்று சொல்லி எம்மை வாயடைக்கப் பார்ப்பார்கள். எம்மிலும் ஓரளவு பிழை இருந்தால், 1968ஆம் ஆண்டின் சட்டப்படி அந்த அளவுக்கு நட்டஈடு குறையும். உரிமை முற்றாக அழியாது.

5. பணமில்லாதவர்

1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானத்தை விசாரித்து, வசதியற்றவருக்குச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்கிறது. கிராம அலுவலரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்துச் செல்வது நன்று. ஆஸ்பத்திரி வாசலில் வந்து "பாதிப் பங்கு தா, எல்லாம் பார்க்கிறேன்" என்னும் தரகரை நம்பவேண்டாம். தனியார் சட்டத்தரணியிடம் போனால், கூலியை முதலிலேயே பேசி, பற்றுச்சீட்டு வாங்குவோம்.

6. பத்திரப்படுத்த வேண்டியவை

வாகன இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கமும் திகதியும், கண்டவர்களின் பெயர், வைத்திய அறிக்கை, மருந்துச் சிட்டைகள், விதைக்காமல் விட்ட காணியின் விபரம். அடிக்கடி இடம் மாறும் எமக்கு இன்னொன்றும் உண்டு: முகவரி மாறியவுடன் சட்டத்தரணிக்கு அறிவிக்கவேண்டும். கடிதம் பழைய முகவரிக்குப் போக, வழக்குத் தவணை தவறிப்போகும்.

குழுவில் கலந்துரையாட

அ. எமது கிராமத்தில் விபத்துக்குப் பின் "சமாதானம்" எப்படிப் பேசப்படுகிறது? அதில் யாருக்கு நன்மை?

ஆ. அண்மையிலுள்ள சட்ட உதவி நிலையம் எங்கே? யார் போய் விசாரித்து வருவது?

இ. எமது சங்கத்தில் இப்பத்திரங்களின் பிரதிகளை வைத்திருக்க ஒருவரை நியமிக்கலாமா?