விண்டோஸ் 98ல் பைல் ஷேரிங்: தடை எங்கே இருக்கிறது?

பரணில் ஏற்றி வைத்த பழைய கம்ப்யூட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இறக்கித் துடைத்து ஆன் செய்தால் விண்டோஸ் 98 திரையில் வந்து நிற்கும். உள்ளே குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்கள், அப்பா டைப் செய்து வைத்த கடிதங்கள். இவற்றை எப்படி வெளியே எடுப்பது? பென் டிரைவைச் செருகினால் பயன் இல்லை. அதற்கான பொதுவான டிரைவர் விண்டோஸ் 98ல் கிடையாது. ஆனால் நெட்வொர்க் கார்டு இருந்தால், விண்டோஸிலேயே உள்ள பைல் ஷேரிங் வசதி கை கொடுக்கும்.

இதில் பிழைச் செய்தி வந்தால் பலரும் பாஸ்வேர்டைத்தான் மாற்றி மாற்றித் தருவார்கள். தடை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கேபிளில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே வாருங்கள். ஒரு படி சரியான பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

எந்தக் கம்ப்யூட்டருடன் இணைப்பது?

விண்டோஸ் 98 பேசுவது எஸ்.எம்.பி. என்ற நெட்வொர்க் மொழியின் முதல் பதிப்பை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ், விண்டோஸில் இந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது இது சேர்க்கப்படுவதில்லை. எனவே புதிய கம்ப்யூட்டரில் எத்தனை முறை முயன்றாலும் பழையது திறக்காது. இதற்காகப் புதிய கம்ப்யூட்டரில் பழைய பதிப்பை இயக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள ஒரு கம்ப்யூட்டரை இடையில் வைத்துக் கொள்ளுங்கள். பைல்களை அதற்கு மாற்றி, அங்கிருந்து பென் டிரைவில் எடுக்கலாம். வேலை முடியும் வரை இரண்டையும் இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

1. கேபிள்: இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைக்க கிராஸ் ஓவர் கேபிள் வேண்டும். சாதாரண கேபிள் என்றால் நடுவில் ஒரு ஸ்விட்ச் தேவை. கார்டின் பின்புறம் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் விண்டோஸில் எதை மாற்றியும் பலன் இல்லை.

2. ஐ.பி. முகவரி: கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் ஐகானைத் திறந்து, உங்கள் கார்டுக்கு உரிய டி.சி.பி./ஐ.பி. வரியைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ் கிளிக் செய்யவும். முகவரி 192.168.0.1, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 எனத் தரவும். எக்ஸ்பியில் முகவரி 192.168.0.2, மாஸ்க் அதே எண். விண்டோஸ் 98 சிடியைக் கேட்டால் சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ் என்ற போல்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் தேவையான பைல்கள் அங்கேயே இருக்கும்.

ரீஸ்டார்ட் செய்த பின் எக்ஸ்பியிலிருந்து 192.168.0.1க்கு பிங் கட்டளை கொடுங்கள். பழையதிலிருந்து பிங் செய்து பார்த்து ஏமாற வேண்டாம். எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ன் பயர்வால் பதில் தராமல் தடுக்கக்கூடும்.

3. லாக் ஆன்: விண்டோஸ் 98 தொடங்கும்போது வரும் பாஸ்வேர்டு கட்டத்தில் கேன்சல் அழுத்தினாலும் டெஸ்க்டாப் வந்துவிடும். ஆனால் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. பெயர் கொடுத்து ஓகே அழுத்தியே உள்ளே செல்லுங்கள்.

4. பெயர்: அதே நெட்வொர்க் ஐகானில் ஐடென்டிபிகேஷன் டேபைத் திறக்கவும். கம்ப்யூட்டர் பெயர் ஆங்கிலத்தில், 15 எழுத்துக்குள், இடைவெளி இன்றி இருக்கட்டும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர் கூடாது. ஒர்க் குரூப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. ஷேரிங்: நெட்வொர்க் ஐகானில் பைல் அண்ட் பிரிண்ட் ஷேரிங் பட்டனை அழுத்தி, பைல்களைப் பகிர அனுமதிக்கும் கட்டத்தில் டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யவும். பிறகு தேவையான போல்டரில் ரைட் கிளிக் செய்து ஷேரிங் தேர்ந்தெடுக்கவும். ஷேர் பெயரை 12 எழுத்துக்குள் வையுங்கள். ரீட் ஒன்லி என்பதே போதும். தவறி எதையும் அழித்துவிட முடியாது.

இத்தனைக்குப் பிறகும் எக்ஸ்பியின் நெட்வொர்க் பட்டியலில் பழைய கம்ப்யூட்டர் தெரியவில்லையா? பதற வேண்டாம். அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படப் பல நிமிடங்கள் ஆகலாம். ஸ்டார்ட், ரன் சென்று இரண்டு பேக் ஸ்லாஷ் போட்டு, பழைய கம்ப்யூட்டரின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பட்டியலில் தெரியாதது நேராகத் திறந்துவிடும்.

படங்களையும் கடிதங்களையும் காப்பி செய்ததும் எழுந்துவிடாதீர்கள். அந்தக் கடிதங்கள் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் குறிகளாகவே தெரியும். எனவே அந்த எழுத்துரு பைலையும் மறக்காமல் எடுத்துக் கொள்ளுங்கள். புதிய கம்ப்யூட்டரில் எல்லாம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை எடைக்குப் போடுவது பற்றி யோசியுங்கள்.