பண்டிகை நாளும் பச்சை உடம்பும்

தீபாவளி விடுமுறை நெருங்கிவிட்டது. நம்முள் பலர் தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயிலில் இடம் பதிவு செய்துவிட்டோம். இரண்டு இரவுகள் கழிந்தால் தமிழ் மண்ணில் இறங்கிவிடலாம். வீட்டில் யார் யார் கூடியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது, சிலருக்கு இவ்வாண்டு புதியதொரு முகமும் நினைவுக்கு வரும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த அக்காளோ, அண்ணியோ பிள்ளை பெற்றிருப்பாள். கூடத்தில் தொட்டில் ஆடும். அத்தகைய வீட்டுக்குச் செல்லும் நண்பர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சென்ற தீபாவளிக்கு என் வீடும் அவ்வாறே இருந்தது. அக்காளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பலகாரத் தட்டுகள் அண்டை வீடுகளுக்குச் சென்றன, அங்கிருந்தும் வந்தன. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் அக்காளின் கையில் ஆளுக்கொரு லட்டோ மைசூர்ப்பாகோ வைத்தார்கள். மறுக்க முடியாமல் அவளும் தின்றாள். ஆனால் உணவு என்று வந்தபோது, பருப்பு வாயு, தயிர் சளி, கீரை குழந்தைக்கு ஆகாது என்று எல்லாம் விலக்கப்பட்டன. மிளகு ரசமும் சோறும் சுட்ட அப்பளமும் மட்டும் அவளுக்குத் தனியாக இருந்தன. விருந்தினர் பந்தி முடிந்த பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கே அதையும் அவள் உண்டாள். உண்டு எழுந்தவள் தலை சுற்றி, அடுக்களைக் கதவைப் பிடித்தவாறே கீழே சரிந்தாள். நல்ல வேளையாகக் குழந்தை அப்போது பாட்டியின் மடியில் இருந்தது.

மறுநாள் குருதியைச் சோதித்ததில் சோகை என்று தெரிந்தது. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய இரும்புச் சத்து மாத்திரைகள் பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தன.

வீட்டில் அவள்மேல் அன்பில்லாதவர் எவரும் இல்லை. பத்தியம் வைத்ததும் அன்பினால்தான்; லட்டைக் கொடுத்ததும் அன்பினால்தான். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே அவளுக்கு உண்மையில் வேண்டிய உணவு விடுபட்டுப் போயிற்று. அவ்வுணவு எது என்று அறிந்துகொண்டால், பண்டிகை வீட்டிலேயே அதைத் தேடிக்கொள்ளலாம்.

1. எவ்வளவு உணவு வேண்டும்?

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 முதல் 800 மில்லி லிட்டர் பால் சுரக்கிறது. அவள் உண்ணும் உணவும், அவள் உடலில் முன்பே சேர்ந்துள்ள சத்தும் அப்பாலாக மாறுகின்றன. உணவு குறைந்தாலும் பால் உடனே வற்றிவிடுவதில்லை. தாயின் உடல் தன் இருப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து அவள் எலும்பிலிருந்தே எடுக்கப்படும். ஆகையால், 'குழந்தைதான் நன்றாக இருக்கிறதே' என்று சொல்லித் தாயின் உணவைப் பற்றிக் கவலையற்று இருப்பது தவறு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளைக் காண்போம். கருவுற்ற பெண்ணுக்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 350 கலோரி வேண்டும். பிள்ளை பெற்ற முதல் ஆறு மாதங்களிலோ 600 கலோரி கூடுதலாக வேண்டும். புரதம் ஏறத்தாழ 17 கிராம் மிகுதியாக வேண்டும். சுண்ணாம்புச் சத்து மற்றப் பெண்களுக்கு 1,000 மில்லி கிராம் என்றால், பாலூட்டும் தாய்க்கு 1,200 மில்லி கிராம். வளைகாப்பன்று பலவகைச் சோறு ஆக்கிக் கருவுற்றவளுக்குப் படைக்கிறோம். பிள்ளை பிறந்து, உணவு மிகுதியாக வேண்டிய காலம் வந்ததும் பத்தியம் என்று சொல்லிக் குறைத்துவிடுகிறோம். இம்முரண்பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

2. பத்தியத்தில் கொள்வதும் தள்ளுவதும்

பத்தியம் முழுவதும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் முருங்கைக்கீரையும் சமைத்துக் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்கள். நாற்பது நாள் அவளை வேலை செய்ய விடாமல் ஓய்வு கொடுத்தவர்களும் அவர்களே. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை வெல்லத்திலும் நெய்யிலும் கிளறிப் பிரசவ லேகியம் செய்கிறோம். ஏறக்குறைய அதே பொருள்கள்தாம் தீபாவளி லேகியத்திலும் சேருகின்றன. இங்கே தில்லியில் நம் அண்டை வீட்டார் பிள்ளை பெற்றவளுக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சர்க்கரையும் பாதாமும் கோந்தும் சேர்த்துப் 'பஞ்சிரி' செய்து ஊட்டுகிறார்கள். மொழி வேறானாலும் பரிவு ஒன்றே. சிறிதளவு லேகியத்தால் தீங்கில்லை. ஆனால் லேகியம் உணவுக்கு ஈடாகாது.

தள்ள வேண்டியவை, உணவை விலக்கும் விதிகள். இவற்றின் தீங்குக்குக் காஷ்மீர் ஒரு சான்று. அங்குப் பிள்ளை பெற்ற பெண்கள் காய்கறிகளை விலக்கி, பெரும்பாலும் தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே உண்ணும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அத்தாய்மாரின் பாலையே உண்ட கைக்குழந்தைகள் சில, திடீரென்று கடும் நோயுற்று மருத்துவமனைக்கு வந்தன. தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைவே காரணம் என்று மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் கண்டார்கள். அச்சத்தை ஏற்றியதும் பல குழந்தைகள் விரைவில் தேறின. தாயின் தட்டில் இல்லாத உயிர்ச்சத்து அவள் பாலிலும் குறைந்துவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

இச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் பணி நம் நீலகிரியிலும் நடந்தது. 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் அதைத் தொடங்கினார். அச்சிறிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, மேலே நாம் கண்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் இச்சத்து மிகுதியாகத் தங்கும். ஆதலால் புழுங்கலரிசியும் உளுந்தும் சேர்ந்த நம் இட்டிலி, பிள்ளை பெற்றவளுக்கு மிக நல்ல உணவாகும்.

இனி மற்ற விலக்குகளைப் பார்ப்போம்.

பருப்பு: தாய் உண்ணும் பருப்பினால் அவள் வயிற்றில் உண்டாகும் வாயு பாலுக்குள் செல்வதில்லை. பால் குருதியிலிருந்து உண்டாவது; குடலிலிருந்து அன்று. பருப்பை விலக்கினால், மரக்கறி உண்பவர்களின் முதன்மையான புரதமே போய்விடும்.

முட்டையும் மீனும்: அறுவைப் புண்ணில் சீழ் வைக்கும் என்று இவற்றை விலக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவை வழியே நடந்தவை. புண் ஆறுவதற்குப் புரதம் இன்றியமையாதது. எனவே உண்ணும் பழக்கமுள்ளவர்கள் இவற்றை நன்றாக உண்ணலாம். ஒன்று மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். பால் சுரக்கும் என்று சுறாப் புட்டு கொடுப்பது கடற்கரை ஊர்களின் வழக்கம். பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் மிகுதியாகச் சேர்ந்திருக்கும். அதற்கு மாறாக மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் சாலச் சிறந்தவை.

தண்ணீர்: வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் குறைப்பது பெருந்தவறு. பால் சுரப்பவளுக்கு நீர் வேட்கை மிகுதி. குழந்தைக்குப் பாலூட்ட உட்காரும்போதெல்லாம் அருகில் ஒரு செம்பு நீர் இருக்க வேண்டும்.

3. பலகாரத் தட்டில் எது நல்லது?

லட்டு ஒன்றில், அதன் எடையைப் பொறுத்து, ஏறத்தாழ 150 முதல் 200 கலோரி இருக்கும். மூன்று நான்கு லட்டுகள் தின்றால் தாய்க்குக் கூடுதலாக வேண்டிய 600 கலோரி கணக்கில் வந்துவிடும். ஆனால் பெரும்பகுதி சர்க்கரையும் நெய்யுமே. வயிறு நிறைந்துவிடும், சோறும் காய்கறியும் இறங்கா. அக்காளுக்கு அன்று நேர்ந்தது இதுவே.

அதே 600 கலோரியை வேறு வழியில் கொடுத்துப் பாருங்கள். சாம்பாருடன் இரண்டு இட்டிலி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு குவளைப் பால், ஒரு வாழைப்பழம். கலோரி ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் கூடுதலாக வேண்டிய 17 கிராம் புரதமும் இவற்றில் கிடைத்துவிடுகிறது. பாலில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இவற்றுக்காகத் தனியே செலவு செய்ய வேண்டியதில்லை. நவராத்திரியில் ஒன்பது நாளும் செய்து ஊரெல்லாம் வழங்கிய சுண்டலைத் தீபாவளியன்றும் ஒரு பிடி ஊறவைத்தால் போதும்.

பலகாரம் அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பண்டிகை அவளுக்கும் உரியதே. எள்ளுருண்டை, கடலையுருண்டை, பொட்டுக்கடலை மாவுருண்டை ஆகியவற்றை முதலில் கொடுக்கலாம். கேழ்வரகு மாவிலும் உருண்டை பிடிக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்கென்று தரும் சத்துமாவைப் பல வீடுகளில் பிறர் உண்டுவிடுகிறார்கள். அதையும் வெல்லம் சேர்த்து உருட்டி அவளுக்கே கொடுக்கலாம். அதிரசமும் முறுக்கும் உணவுக்குப் பின் ஒன்றிரண்டு போதும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்தவற்றை எல்லாருமே தவிர்ப்பது நல்லது.

கருவுற்றிருந்தபோது சர்க்கரை நோய் கண்டவர்கள் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அந்நோய் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் பிற்காலத்தில் மீண்டும் வரக்கூடும். ஆறாம் வாரத்தில் ஒரு முறை குருதியைச் சோதிக்க வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. பண்டிகை நெருக்கடியில் அச்சோதனை தள்ளிப் போகக் கூடாது.

குழந்தையைப் பற்றியும் ஒரு சொல். ஆறு மாதம் வரை அதற்குத் தாய்ப்பாலே போதும். வருபவர்கள் ஆசையுடன் அதன் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவ விடக் கூடாது. தேன் ஓராண்டு முடியும் வரை ஆகாது.

4. நோன்பும் மாத்திரையும்

தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி நோன்பும், அதன்பின் கந்த சட்டியும் வருகின்றன. இங்கே தில்லியில் கர்வா சௌத்தன்று பெண்கள் நிலவு தோன்றும் வரை நீரும் அருந்துவதில்லை. சட் பூசையில் நோன்பிருப்போர் 36 மணி நேரம் நீரின்றி இருக்கிறார்கள். நோன்பு அவரவர் நம்பிக்கை. ஆனால் பாலூட்டும் தாய் நீரும் இன்றி இருத்தல் தகாது. நோன்பை விட மனமில்லாதவர்கள், பாலும் பழமும் நீரும் கொண்டு அதை எளிதாக்கிக்கொள்ளலாம்.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர் என்று 2019-21 கணக்கெடுப்பு கூறுகிறது. பிரசவத்தில் குருதி இழந்தவளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பிள்ளை பிறந்த பின்னும் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை நாளுக்கொன்று உண்ண வேண்டும் என்று நடுவண் அரசு வகுத்துள்ளது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் உடன் தருகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. ஒன்று மற்றொன்றை உடலில் சேர விடாது. இரும்புச் சத்து மாத்திரையுடன் காப்பியும் தேநீரும் கூடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ உடன் சேர்ந்தால் இரும்புச் சத்து நன்கு சேரும்.

5. நாம் செய்யக் கூடியவை

விடுமுறைக்குச் செல்லும் மாணவர் பாட்டியிடம் வாதாடி வென்றுவிட முடியாது. வாதாடவும் வேண்டா. செய்யக் கூடிய சிறு செயல்கள் சில உள்ளன.

முதலாவது, பண்டிகையன்று முதல் பந்தியிலேயே அவளுக்கு இலை போடுங்கள். அவள் உண்ணும் வரை குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மாத்திரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; நாள்தோறும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். மூன்றாவது, அவள் கைக்கு எட்டும் இடத்தில் நீரும் பழமும் வையுங்கள். நான்காவது, வருபவர் கொடுக்கும் இனிப்பை, "அப்புறம் சாப்பிடுவாள்" என்று சொல்லி நீங்கள் வாங்கி வையுங்கள். அவளால் மறுக்க முடியாது, உங்களால் முடியும். ஐந்தாவது, பருப்பு, கீரை பற்றி ஐயம் எழுந்தால், தடுப்பூசிக்குச் செல்லும் நாளில் பாட்டியையும் உடன் அழைத்துச் சென்று செவிலியரிடம் கேளுங்கள். பேரன் சொல்லாத சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு.

என் வீட்டில் அவ்வாறே நடந்தது. செவிலியர் சொன்ன மறுநாள், பாட்டியே பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் கூட்டு வைத்தார். "இதையும் நான்தான் உன் அம்மாவுக்குக் கொடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே அக்காளுக்குப் பரிமாறினார். அது உண்மையா என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை. அக்காள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டாள்.