வானொலியால் பெயர்பெற்ற நெல்

நுழையும்முன்

நிறம், மணம், விளையும் காலம் ஆகியவற்றைக் கொண்டு நெல்லுக்குப் பெயரிடுவது உழவர் வழக்கம். காவிரிப் படுகையில் ஒரு நெல்வகை மட்டும் 'ரேடியோ நெல்' என்று வழங்கப்பட்டது. ஒரு வட்டார வானொலி நிலையம் தன்னைச் சூழ்ந்த மக்களின் வாழ்வோடு எவ்வாறு கலந்தது என்பதை இப்பெயரின் வரலாறு உணர்த்துகிறது.

நிலையத்தின் தோற்றம்

தமிழகத்தில் ஒலிபரப்பு, ஆர்வலர்களின் முயற்சியாகவே தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று உருவாக்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றுபோயிற்று. அக்கழகத்தின் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 முதல் ஒலிபரப்பை நடத்தி வந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டது.

எனினும் மத்திய அலையில் சென்னையின் குரல் தொலைவிலுள்ள மாவட்டங்களைத் தெளிவாக எட்டவில்லை. தமிழகத்தின் நடுப்பகுதியில் அமைந்த திருச்சிராப்பள்ளியில் 1939 மே 16இல் மற்றொரு நிலையம் தோன்றியது. அதன் ஒலிபரப்பியின் திறன் 5 கிலோவாட். நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் அகில இந்திய வானொலிக்கு ஆறு நிலையங்களே இருந்தன. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, இலக்னோ ஆகிய பெருநகரங்களுடன் திருச்சிராப்பள்ளியும் அவ்வரிசையில் இடம்பெற்றது.

அலையும் நிலமும்

மத்திய அலை ஒலிபரப்பில், ஒலிக்கு ஏற்றவாறு வானொலி அலையின் வீச்சு கூடியும் குறைந்தும் அமைகிறது. இதனை வீச்சுப் பண்பேற்றம் என்பர். திருச்சிராப்பள்ளி நிலையம் பின்னாளில் 936 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 100 கிலோவாட் திறனுடன் ஒலிபரப்பியது. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். இத்தகைய நீண்ட அலைகள் நிலத்தை ஒட்டியே பரவிச் செல்லும். வறண்ட பாறை நிலத்தைவிட ஈரமண்ணில் இவை குறைந்த இழப்புடன் பயணம் செய்யும். எனவே, சமவெளியாகவும் ஈரம் செறிந்ததாகவும் விளங்கும் காவிரிப் படுகை, மத்திய அலைக்கு ஏற்ற நிலமாக அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அவ்வடுக்கு மறைவதால், அலைகள் மேலடுக்கை அடைந்து, அங்கிருந்து வளைந்து பூமிக்குத் திரும்புகின்றன. தொலைதூர நிலையங்கள் இரவில் கேட்பதற்கு இதுவே காரணம்.

நாளும் ஒரு நிரல்

விடியலில் மங்கல இசை, அதனைத் தொடர்ந்து பக்திப் பாடல்கள், செய்திகள், வானிலை, சந்தை நிலவரம், இலக்கியச் சொற்பொழிவு, நாடகம், மாலையில் சிற்றூர் மக்களுக்கான நிகழ்ச்சி, இரவில் இசையரங்கம் என ஒலிபரப்பு நிரல் அமைந்தது. திருவையாற்றில் நடைபெறும் தியாகராசர் ஆராதனையின் பஞ்சரத்தின இசை நேரடியாக ஒலிபரப்பாகி, ஊருக்கு வர இயலாதோரின் செவிகளையும் சென்றடைந்தது.

வானொலிப் பெட்டி வைத்திருப்போர் சிலரே என்ற காலத்தில், ஊராட்சியின் பொதுப்பெட்டியே சிற்றூரின் செவியாக விளங்கியது. 1960களில் மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் பரவியதும், மின்சாரம் எட்டாத வீட்டுத் திண்ணைக்கும் வயல் வரப்புக்கும் வானொலி வந்து சேர்ந்தது.

ரேடியோ நெல்

1960களின் நடுவில் நாடு கடும் உணவுப் பற்றாக்குறையை எதிர்கொண்டது. அக்காலத்தில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் வகையை வெளியிட்டது. ஜப்பானிய நெல்லையும் ஜி.இ.பி. 24 என்னும் கோவை நெல்லையும் கலந்து உருவாக்கப்பட்ட அது, ஏறத்தாழ 105 நாளில் விளையக்கூடியது. குறுவைப் பருவத்திற்கு ஏற்றது.

ஆயினும் பழகிய விதையைக் கைவிட்டுப் புதிய விதையை நம்புவது உழவருக்கு எளிதன்று. விதை பொய்த்தால் ஒரு பருவத்தின் உழைப்பும் குடும்பத்தின் உணவும் சேர்ந்தே பொய்க்கும். அந்த அச்சத்தைப் போக்கக் கட்டளைகள் போதா. நம்பத்தக்க குரல் தேவைப்பட்டது.

1966இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வானொலி நிலையங்களில் பண்ணை, இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்று. நாற்றங்கால் அமைத்தல், நடவு இடைவெளி, உரமிடும் காலம், பூச்சித் தடுப்பு ஆகியவை பருவத்தையொட்டி ஒலிபரப்பாயின. வேளாண் வல்லுநரின் அறிவுரையோடு உழவரின் பட்டறிவும் அவர்தம் வட்டார வழக்கிலேயே ஒலித்தது. தம்மைப்போன்ற மற்றோர் உழவரின் குரலைக் கேட்டவர்கள் புதிய விதையை நாடிச் சென்றனர். வானொலி வழியே அறிந்த அந்நெல்லை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். ஆய்வகம் இட்ட எண்ணைவிட உழவர் இட்ட பெயரே ஊரில் நிலைத்தது.

சொல்லின் பொறுப்பு

புதிய விதைகள் விளைச்சலைப் பெருக்கின. அவற்றோடு வேதியுரப் பயன்பாடும் பெருகியது. மரபு நெல்வகைகள் பல வயலைவிட்டு அகன்றன. ஒரு சொல்லை நம்பி ஒரு வட்டாரமே விதையை மாற்றிக்கொள்ளும் எனில், அச்சொல்லைச் சொல்வோரின் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெரியது. வானொலி நெல்லின் வரலாறு வெற்றியை மட்டுமன்றி இக்கடமையையும் நினைவூட்டுகிறது.

இன்று வானொலி நிகழ்ச்சிகள் கைப்பேசிச் செயலி வழியாகவும் கேட்கின்றன. கருவிகள் மாறினாலும், மக்கள் எதனை நம்பிச் செவிமடுக்கிறார்கள் என்னும் வினா மாறவில்லை. தம் மண்ணை அறிந்து, தம் மொழியில் பேசி, தம் நலனை நாடும் குரலுக்கே அவர்கள் செவிகொடுக்கின்றனர். நெல்லுக்குத் தன் பெயரைத் தந்த வானொலி நிலையம் பெற்ற பெருமை அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வானொலி கேட்டு வளர்ந்த முதியோர் ஒருவரிடம் உரையாடி, அவர் நினைவில் நிற்கும் நிகழ்ச்சிகளைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் பகுதியில் விளையும் பயிர் ஒன்றைப் பற்றி, உழவருக்குப் பயன்படும் ஐந்து நிமிட வானொலி உரையை வட்டார வழக்கில் உருவாக்குக.